வேதபாட வாத்தியாரின் சம்பளம்

எங்கள் ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் ஒரே சாவிதான். வாரநாளில் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பித்த அதே தரையில் ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் பாய் விரித்து ஆராதனைக்கு உட்காருவார்கள். கரும்பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தால் கோயில், இந்தப் பக்கம் திருப்பினால் பள்ளிக்கூடம். மணி ஒன்று, அதை அடிக்கிற ஆளும் ஒருவர்தான். பிள்ளைகளுக்கு அவர் வாத்தியார், பெரியவர்களுக்கு உபதேசியார். சாத்தான்குளத்துக்குத் தெற்கே செம்மண் தேரியை ஒட்டிய ஊர்களில் என் தாத்தாவும் அவருடைய அப்பாவும் இந்த இரட்டை வேலையைப் பார்த்தவர்கள். நான் பார்த்தது வாத்தியார் வேலை மட்டும். கூடவே வேதபாட வகுப்பும் என் பொறுப்பில் இருந்தது.

கிறிஸ்தவப் பள்ளிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக மிஷனரிகளின் வாழ்க்கையிலிருந்து தொடங்குவார்கள். குறை சொல்கிறவர்கள் மதமாற்றத்திலிருந்து தொடங்குவார்கள். நான் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. எனக்குச் சம்பளப் பட்டியலிலிருந்துதான் தொடங்கத் தெரியும். வேதத்தை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவருக்கு எந்தக் காலத்தில் யார் கூலி கொடுத்தார் என்று பார்த்துக்கொண்டே போனால், அந்தப் பாடம் எப்போது பெருத்தது, எப்போது இளைத்தது என்பது தானாகப் பிடிபட்டுவிடும்.

கணக்கு ஒரு ராணியின் செருப்பில் தொடங்குகிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்களை வைத்து விசுவாசப் பிரமாணத்தையும் பரமண்டல ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழாக்கி, தானும் உருப்போட்டு, பிள்ளைகளையும் உருப்போட வைத்தார். ஆனால் அவர் ஓரிடத்தில் தரிக்கிறவர் அல்ல. அடுத்த ஊருக்குப் போனதும் பிள்ளைகள் மறந்துவிடாமல் இருக்க ஊருக்கு ஓர் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். போர்ச்சுக்கல் ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கடற்கரை வருமானத்தில் ஒதுக்கி வைத்திருந்த 4000 பணத்தைச் சவேரியார் கேட்டு வாங்கினார். அதை வைத்து ஊருக்கு ஊர் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். தினமும் பிள்ளைகளைக் கூட்டி ஜெபம் சொல்லிக்கொடுப்பது, அவசரத்துக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, ஊர் நடப்பைக் குருவானவருக்குத் தெரிவிப்பது அவர்கள் வேலை. தமிழ்நாட்டில் மாதக்கூலி வாங்கி வேதம் சொல்லிக்கொடுத்தவர்களின் வரிசையில் முதல் ஆட்கள் இவர்கள்தான் என்பது என் எண்ணம். எங்கள் உபதேசியார்களுக்கு முப்பாட்டன்மார் என்று வைத்துக்கொள்ளலாம். சபை வேறு, ஜாதி வேறு, வேலை ஒன்று.

அங்கே புத்தகம் கிடையாது, காதும் வாயும்தான். அடுத்த தலைமுறையில் அன்றிக்கே அடிகளார் 1578இல் கொல்லத்தில் 16 பக்கத் ‘தம்பிரான் வணக்க’த்தையும், மறு வருஷம் கொச்சியில் வினாவிடையாக அமைந்த ‘கிரிசித்தியானி வணக்க’த்தையும் அச்சில் கொண்டுவந்தார். அச்சுச் செலவுக்குப் பரதவர்கள் பணம் கொடுத்தார்கள். முத்துக் குளித்த காசு அது.

பள்ளிக்கூடத்துக்குள் சாமியைக் கொண்டுவந்தவர்கள் பாதிரிமார் என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியில்லை. திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைக்கும் முன்பே பிள்ளை ‘அரி நமோத்து சிந்தம்’ சொல்லியாக வேண்டும். கொன்றை வேந்தனும் உலகநீதியும் கடவுளைக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்கும். லீவு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும், அவற்றுக்கு மறுநாள் பிரதமைக்கும், நடுவில் அஷ்டமிக்கும். வாத்தியாருக்கு நிலையான மாதச் சம்பளம் கிடையாது. வாவு நாளில் காசு, அறுப்புக் காலத்தில் நெல், நவராத்திரி சமயம் பிள்ளைகள் கோலாட்டம் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடி வாங்கிவரும் சன்மானம், இவ்வளவுதான் வருமானம். உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ படித்தவர்களுக்கு இந்த உலகம் பழக்கம். பக்தி, படிப்பு, கூலி மூன்றும் அங்கே ஒரே முடிச்சாகக் கிடந்தன.

மிஷன் பள்ளி முதலில் கைவைத்தது இந்த லீவுக் கணக்கில்தான் என்று எனக்குத் தோன்றும். சந்திரனைப் பார்த்து விடுமுறை விட்ட இடத்தில் ஏழு நாளைக்கு ஒரு ஞாயிறு வந்து உட்கார்ந்தது. வேதப் புத்தகத்தைத் திறக்காமலே நடந்த முதல் வேதபாடம் அது. பிறகு மொத்த தேசமும் அந்த ஞாயிற்றை எடுத்துக்கொண்டது. இன்று யாரும் அதைக் கிறிஸ்தவம் என்று நினைப்பதுகூட இல்லை.

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டுக்கே பள்ளியோடு வரவழைத்தது. இருபத்துச் சொச்சம் வயது ஜெர்மானியர், சின்னப் பிள்ளைகளோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். இரண்டே வருஷத்தில் நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்துவிட்டார். அதற்குள் பள்ளிகளும் தொடங்கியாயிற்று. 1707இலேயே பெண்பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி. இதைச் சமூகச் சீர்திருத்தம் என்று இன்று மேடையில் சொல்கிறார்கள். அவர் கணக்கு அதைவிட நேரானது. லூத்தர் வழியில் வந்தவனுக்கு ஒவ்வொரு ஆத்துமாவும் தானே வேதத்தை வாசிக்க வேண்டும். பெண்ணுக்கும் ஆத்துமா உண்டு. ஆகவே பெண்ணுக்கும் எழுத்து வேண்டும். டென்மார்க் ராஜாவும் ஹாலே நகரத்துப் பக்திமான்களும் பிறகு லண்டன்காரர்களும் பணம் அனுப்பினார்கள். வாத்தியாருக்குச் சம்பளம் போக, பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் அந்தப் பணத்தில்தான். படிக்கிற பிள்ளை வாத்தியாருக்கு அரிசி கொண்டுபோன ஊரில், வாத்தியார் பிள்ளைக்குச் சோறு போட்டது ஊர் முழுக்கப் பேச்சாகியிருக்கும்.

தஞ்சாவூர் சுவார்ட்ஸ் ஐயர் (எங்கள் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம்) காலத்தில் பணம் வரும் திசை மாறியது. 1780களில் தஞ்சை, ராமநாதபுரம், சிவகங்கை ஊர்களில் ஆங்கிலப் பள்ளிகள் தோன்றின. அரண்மனைகள் ஆதரித்தன; கிழக்கிந்தியக் கம்பெனி பள்ளிக்கு வருஷம் 250 பகோடா கொடுக்க ஒப்புக்கொண்டது. பாதிரியார் நடத்தும் பள்ளிக்கு அரசாங்கம் பணம் தரும் ஏற்பாடு இங்கே அன்றே முளைவிட்டுவிட்டது. அந்தப் பள்ளிகளுக்கு வந்த பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது இங்கிலீஷ். இன்றுவரை அந்த ஏற்பாட்டின் குணம் மாறவில்லை.

நடுவில் ஒரு வேடிக்கை. சென்னை எழும்பூரில் ஐரோப்பியச் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான ஆண்கள் விடுதியை 1789இலிருந்து ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரக் குருவானவர் நடத்தினார். விடுதி வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்றார். கம்பெனிப் பட்டாளங்களின் குருப்பதவிகள் பலவற்றிலிருந்து அவருக்கு வருமானம் வந்துகொண்டிருந்ததையும் சேர்த்துச் சொன்னால்தான் அது முழுக் கதை. பக்கத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், பெரிய பிள்ளை சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் பார்த்தார். பிள்ளையே பிள்ளைக்கு வாத்தியார் என்றால் கூலி மிச்சம் அல்லவா? 1797இல் லண்டனில் இதைப் புத்தகமாகப் போட்டார். 1811இல் ஏழைப் பிள்ளைகளை இங்கிலாந்துத் திருச்சபையின் போதனையில் வளர்க்க ஒரு தேசியச் சங்கம் அமைந்தபோது, அதன் பள்ளிகள் அத்தனையும் பெல்லின் இந்த ‘மெட்ராஸ் முறை’யில் நடந்தன. அதாவது, ஆங்கிலேயப் பிள்ளைகள் கிறிஸ்தவ வினாவிடையை உருப்போட்டது நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை வழியில். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் பெல் விட்டுப்போன சொத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர். நம் வாத்தியாருக்கு அதில் ஒரு சல்லி வந்ததாகக் கேள்வி இல்லை.

அந்த முறை மிஷன் ஆட்களோடு திரும்பக் கப்பலேறி இங்கேயும் வந்து சேர்ந்தது. 1816இல் பாளையங்கோட்டைப் பட்டாளத்துக்குக் குருவாக வந்த ஹக் ஐயர் இங்கே பள்ளிகளைத் தொடங்கிவைத்தார். 1820இல் ரேனியஸ் ஐயர் வந்தார். ரேனியஸைப் பற்றி எங்கள் பக்கம் கதைகள் ஏராளம். பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தைத் தெரியாதவர் இல்லை. அது அவர் 1826இல் கட்டிய ஆலயம். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்குக் காரணம் கோபுரம் இல்லை, 1832இல் அவர் தமிழில் எழுதிய ‘பூமி சாஸ்திரம்’. வேதம் சொல்லிக்கொடுக்க வந்தவர் பூகோளப் புத்தகம் எழுதுவானேன்? பெத்லகேம் எங்கே, எருசலேம் எங்கே என்று கேட்கிற பிள்ளைக்குப் பூமி உருண்டை என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. வேதத்தைத் தொட்டால் பூகோளம் வந்தது, ராஜாக்களின் சரித்திரம் வந்தது, அச்சுப் புத்தகம் வந்தது, பொடி எழுத்தைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் வந்தது. கிறிஸ்தவ விசுவாசத்தைக் கல்வியோடு இணைப்பது என்று இப்போது கருத்தரங்கு போடுகிறார்கள். அன்று அது தனியாகச் செய்கிற வேலையாக இல்லை.

ரேனியஸ் 1830இல் தொடங்கிய தர்ம சங்கம் பணம் திரட்டி நிலம் வாங்கியது. புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்கள் பழைய ஊரில் அடிபட்டுத் துரத்தப்பட்டபோது அந்த நிலத்தில் குடியேறினார்கள். இப்படி அமைந்த கிராமங்களில் முதலில் எழுவது ஒரு நீள ஓலைக் கொட்டகை. அதுதான் நான் சொன்ன ஒற்றைச் சாவிக் கட்டடம். பனையோலைக் கூரை, பனங்கை விட்டம், தரையில் மணல். காலையில் மணி அடித்ததும் பெரியவர்கள் வந்து ஜெபித்துவிட்டு மரமேறப் போவார்கள். அவர்கள் எழுந்த இடத்தில் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். ஒரு கீர்த்தனை, ஒரு வேதக் கதை, மனப்பாட வசனம், அப்புறம் எழுத்தும் கணக்கும். சாயங்காலம் திரும்பவும் மணி.

பதநீர்க் காலம் வந்தால் பள்ளி பாதி காலி. குடும்பத்தோடு பனங்காட்டில் விடிலி போட்டுத் தங்கிவிடுவார்கள். அப்பன் மரத்தில், அம்மா அடுப்படியில், பிள்ளை பதநீர்க் கலயம் சுமக்கும். தாத்தா சிலேட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு விடிலி விடிலியாகப் போவாராம். கருப்பட்டி காய்ச்சுகிற தாழியின் ஓரத்தில் உட்கார்ந்து, பாகு பதம் வரும் வரைக்கும் பாடம் நடக்கும். பதம் வந்துவிட்டால் படிப்பு நின்றுவிடும், எல்லோர் கையும் சிரட்டைக்குப் போய்விடும். ஏதாவது ஒரு வீட்டில் கருப்பட்டியும் கிடைக்கும்.

தாத்தாவின் வரவு செலவு நோட்டு என்னிடம் இருக்கிறது. நீளவாக்கில் மடித்துத் தைத்த நோட்டு, ஓரமெல்லாம் கரையான். வரவுப் பக்கத்தில் மாதாமாதம் மூன்று தலைப்புகள் வருகின்றன. ‘மிஷன்’ என்று ஒன்று, ‘கிராண்ட்’ என்கிற அரசாங்க மானியம் ஒன்று, ‘சபை’ என்று ஒன்று. சபை என்ற தலைப்பில் காசு குறைவு. பிடியரிசி இத்தனை படி, கருப்பட்டி இத்தனை சிப்பம், அறுப்பின் பண்டிகையில் ஏலம் போன சேவல் வகையில் இவ்வளவு என்று இருக்கும். பெண்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவார்கள், அதுதான் பிடியரிசி. ஒரே மனிதர், மூன்று எஜமான்கள். ஐயருக்கு வேத அறிவு காட்ட வேண்டும், இன்ஸ்பெக்டருக்கு வாசிப்பும் கணக்கும் காட்ட வேண்டும், சபைக்கு நல்லவனாக இருக்க வேண்டும்.

பெண் வாத்தியார்களின் கணக்கு இன்னும் விநோதம். நாகர்கோவிலில் மால்ட் ஐயரின் மனைவி 1820களில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த லேஸ் விற்ற பணத்தில் பெண்கள் விடுதிப் பள்ளி நடந்தது, அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் தங்கள் விடுதலையையே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். அவருடைய மகள் எலைசா, கால்டுவெல் ஐயருக்கு வாழ்க்கைப்பட்டு இடையன்குடிக்கு வந்தபோது அந்த ஊசியும் நூலும் தேரிக்கு வந்தன. பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியின் பெயருக்குரிய அம்மையார் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. உடல் நலிந்து இங்கிலாந்தில் இருந்தபடியே திருநெல்வேலிப் பெண்களின் படிப்புக்காக எழுதினார், பணம் சேர்த்தார். அவர் நினைவாக முதலில் எழுந்தது பெண் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி, கல்லூரி 1895இல். எங்கள் பாட்டியின் தலைமுறையில் ‘தக்கரம்மா பள்ளியில் படிச்சவ’ என்றால் கல்யாணப் பேச்சில் தனி மதிப்பு.

வேதபாடம் சென்னை அரசியலில் பெரிய சண்டையான காலமும் உண்டு. கவர்னர் ட்வீடேல் பிரபு 1846இல் அரசாங்கப் பள்ளிகளிலேயே வேதாகமத்தைப் பாடமாக வைக்கலாம் என்று குறிப்பு எழுதினார். கஜுலு லட்சுமிநரசு செட்டி தம் ‘கிரசென்ட்’ பத்திரிகை மூலம் எதிர்ப்பைத் திரட்டினார். பச்சையப்பன் பள்ளியில் பெருங்கூட்டம் கூடியது. லண்டனுக்கு மனு போயிற்று. கம்பெனி டைரக்டர்கள் அடுத்த வருஷமே கவர்னரின் யோசனையைத் தள்ளிவிட்டார்கள். வியாபாரிகள் அல்லவா, எதில் நஷ்டம் என்று தெரியும்.

என்னைக் கேட்டால், வேதபாடத்தை ஓரத்துக்குத் தள்ளியது அந்தக் கூட்டம் இல்லை. 1854 ஜூலையில் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கைதான். அதில் மிஷன் பள்ளிகளுக்குப் பெரிய வாசல் திறந்தது: யார் நடத்துகிறார்கள் என்று பார்க்க மாட்டோம், என்ன மதம் போதிக்கிறீர்கள் என்று கேட்க மாட்டோம், உலகப் படிப்பு நன்றாக இருந்தால் மானியம். அரசாங்கப் பள்ளி நூலகத்தில் வேதாகமம் இருக்கலாம், பிள்ளை தானாக எடுத்து வாசிக்கலாம், சந்தேகம் கேட்டால் வாத்தியார் பள்ளி நேரம் முடிந்து சொல்லலாம் என்றும் அதிலேயே இருக்கிறது. மிஷன்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். கேட்க மாட்டோம் என்றால் தடுக்க மாட்டோம் என்றுதானே அர்த்தம்? ஆனால் கேட்கப்படாத பாடத்துக்கு மார்க் கிடையாது, மார்க் இல்லாததற்குப் பணம் கிடையாது.

1860களில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கு ஏற்ற மானியம் என்று ஒன்று வந்ததும் இது வெட்டவெளிச்சம் ஆயிற்று. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளையை ஒவ்வொன்றாக நிறுத்தி வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குக் கேட்பார். தேறிய பிள்ளைக்கு இவ்வளவு என்று கிராண்ட். யோசேப்பின் கதையைக் கண்ணீர் வர ஒப்பிக்கிற பிள்ளை வகுத்தலில் தவறினால் வாத்தியாருக்குக் காசு நஷ்டம். கிராண்ட் நாள் நெருங்கினால் வேதபாட மணி நேரம் கணக்கு மணி நேரமாக மாறிவிடும். ஐயர்மார் ஊர் சுற்றி வரும்போது கண்டிப்பார்கள். ஆனால் மிஷன் பணமும் அப்போது தட்டுப்பாடுதான், கிராண்ட் வராவிட்டால் பள்ளியையே மூட வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

என் பூட்டனார் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். வேதத்தையே கணக்காக்கிவிட்டார். எகிப்தில் ஏழு வருஷம் விளைச்சல். யோசேப்பு ஐந்தில் ஒரு பங்கு எடுத்து வைத்தான். வருஷத்துக்கு இத்தனை கோட்டை விளைந்தால் ஏழு வருஷத்தில் களஞ்சியத்தில் எவ்வளவு? நோவாவின் பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம். உள்ளே எத்தனை கன முழம்? கையெழுத்துக்குப் பத்துக் கட்டளை. வாய்விட்டு வாசிக்கச் சங்கீதம். ஒரு தடவை பரீட்சைக்கு வந்த பிராமண இன்ஸ்பெக்டர் ஒரு பையனைப் பார்த்து, பெருக்கல் கணக்கு ஒன்று நீயே போட்டுக் காட்டு என்றாராம். பையன் பேழையைப் பெருக்கி நாலரை லட்சம் என்று சிலேட்டை நீட்டியிருக்கிறான். அவர் அதைத் தானும் ஒரு முறை பெருக்கிப் பார்த்துவிட்டு, “வாத்தியாரே, இதுல யானை எத்தனை அடையும்?” என்று கேட்டாராம். முழு கிராண்டும் வந்தது.

1882இல் அமைந்த ஹண்டர் கமிஷன் தனி ஒரு மதத்தைத் தொடாத ஒரு நீதிப் பாடப் புத்தகம் எல்லாக் கல்லூரிக்கும் எழுதலாம் என்று யோசனை சொன்னது. அரசாங்கம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. எந்த மதத்தையும் சேராத நீதியை யார் எழுதுவது என்று குழம்பியிருப்பார்கள்.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் கதை தலைகீழ். 1816இல் யாழ்ப்பாணத்தில் கால் ஊன்றிய அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியையும், மறு வருஷம் உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியையும் தொடங்கியது. அமெரிக்காவில் யாரோ ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்றால் அந்தப் பிள்ளைக்கு அவர் விரும்பும் பெயர் வைக்கப்பட்டது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று யாழ்ப்பாண இலக்கிய வரலாற்றில் வருகிற பெயர்களின் முன்பாதி இப்படி வந்தது. பணம் கொடுத்தவரின் பெயரைப் பிள்ளையின் நெற்றியிலேயே எழுதிய இடம் இது. உடுவிலில் படிப்பை முடித்துக் கிறிஸ்தவனை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. செமினரியில் தமிழும் சமஸ்கிருதமும் வான சாஸ்திரமும் வேதத்தோடு வேதமாக நடந்தன. பிள்ளைகள் கெட்டிக்காரர்களாக வெளியே வந்தார்கள். ஆனால் பிரசங்கியாராகப் போனவர்களைவிடச் சம்பள உத்தியோகத்துக்குப் போனவர்கள் அதிகம் என்று பாஸ்டனில் இருந்த மிஷன் தலைமைக்காரர்கள் கணக்குப் பார்த்தார்கள். 1855இல் அவர்களுடைய செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் வந்து பார்த்துவிட்டுப் போனபின் செமினரி மூடப்பட்டது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை சைவத்துக்குத் திரும்பி, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார்.

வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, பெர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி வைத்தார். வகுப்பு, மணி, அச்சுப் புத்தகம், உரைநடையில் பாலபாடம், வினாவிடை வடிவில் சைவ நெறி என்று மிஷன் பள்ளியின் உறுப்புகள் எல்லாம் அங்கே இருந்தன. பிரதிஷ்டை செய்த தெய்வம் மட்டும் வேறு. திருநெல்வேலியில் மானியத்துக்கு வேதம் தேவையில்லை. யாழ்ப்பாணத்திலோ அரசாங்கப் பணம் வேண்டுமானால் முதல் மணி நேரம் கிறிஸ்தவப் போதனை நடக்க வேண்டும் என்ற நிலை. 1869இல் கல்வித் திணைக்களம் அமைந்த பிறகுதான் நாவலர் பள்ளி போன்றவற்றுக்கு வழி பிறந்தது. ஒரே ஆங்கில ராஜ்ஜியம், நடுவில் சில மைல் கடல், கிராண்ட் விதி மட்டும் வேறு. இரண்டு கரையிலும் வாத்தியார்கள் எதைப் படிக்க வைத்தார்கள் என்பதை அந்த விதியே முடிவுசெய்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நோட்டின் மூன்று தலைப்புகளில் ஒன்றுதான் மிச்சம். நியமனம் திருமண்டலத்தினுடையது, சம்பளம் முழுக்க அரசாங்கத்தினுடையது. 1973ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் சட்டத்துக்குப் பிறகு நிர்வாகத்துக்கும் வாத்தியாருக்கும் உள்ள உறவே வேறாகிவிட்டது. அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு இருக்கிறது: அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மதப் போதனையில் உட்கார வைக்கக் கூடாது. ஆகவே வேதபாட மணி அடித்தால் வகுப்பு இரண்டாகப் பிரியும். கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு வேதபாடம், மற்றவர்களுக்கு நன்னெறி. காகிதத்தில் அப்படி. எங்கள் பள்ளியில் நன்னெறி எடுக்க வேறு வாத்தியார் இல்லாததாலும், தாவீது கோலியாத்தைக் கவணால் அடிக்கிற கதைக்கு எதிரே நேரந்தவறாமை பற்றிய பாடம் நிற்க முடியாததாலும், நன்னெறிக் கூட்டம் மெல்ல மெல்ல ஜன்னலோரம் நகர்ந்து வந்துவிடும். நான் துரத்தவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. 23ஆம் சங்கீதத்தைத் தடங்கல் இல்லாமல் சொன்ன பையன் ஒருவனின் அப்பா சுடலைமாடன் கோயில் சாமியாடி. கொடைக்கு அழைப்பிதழ் கொடுக்க வந்தபோது, “எம்பய பாட்டெல்லாம் சொல்லுதான் சார், நம்ம சாமிக்கும் ரெண்டு சொல்லிக் குடுங்க” என்றார்.

திருமண்டலம் நடத்திய வேதபாடப் பரீட்சையில் மார்க் வாங்கிய பிள்ளைகளுக்குச் சான்றிதழ் வந்தது. கல்வி அதிகாரி ஆண்டாய்வுக்கு வந்தால் அந்தச் சான்றிதழ்களைப் பீரோவில் வைத்துவிடுவோம். மறைக்க வேண்டிய பொருள் ஒன்றும் இல்லை. அவர் பார்க்க வேண்டிய பட்டியலில் அது இல்லை, அவ்வளவுதான். பூட்டனார் காலத்துக் கிராண்ட் பரீட்சையின் புத்தி எங்கள் கைகளுக்கும் வந்திருந்தது.

இன்று உதவிபெறும் தமிழ்வழிப் பள்ளிகள் பிள்ளைகள் குறைந்து, பல கிராமங்களில் ஒரு வாத்தியாரும் ஒரு சாவியுமாக நிற்கின்றன. கூட்டம் இருப்பது சுயநிதி இங்கிலீஷ் பள்ளிகளில். அங்கே வேதபாடத்துக்கு அச்சடித்த புத்தகம், நேர அட்டவணையில் இடம், ஆண்டுவிழாவில் பரிசு எல்லாம் உண்டு. ராணியோ ராஜாவோ கிராண்டோ இல்லை. பெற்றோர் கட்டுகிற பீஸ்தான் முதல். பேரனுக்குப் பணம் கட்ட நான் நின்ற வரிசையில் எல்லாச் சாமியையும் கும்பிடுகிறவர்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்பது இங்கிலீஷும் கண்டிப்பும். வேதபாடம் கூடவே வருகிறது, ஆட்சேபம் சொன்ன யாரையும் நான் கண்டதில்லை. ஆட்சேபிக்க வேண்டியது அந்தப் பாடத்தை எடுக்கிற டீச்சர்களின் சம்பளத்தைத்தான். எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி பி.எட். முடித்துவிட்டு அப்படி ஒரு பள்ளியில் இருக்கிறாள். வேதபாடமும் கணக்கும் எடுக்கிறாள். நான் ஓய்வுபெறும்போது வாங்கியதில் கால்வாசிகூட அவளுக்கு வரவில்லை, மே மாதத்துக்குச் சம்பளமே இல்லை.